கண்டக்குழியில் ஒரு பூசணிக்காயும் ஒரு ஞானப்பிள்ளையும்

"என் பிள்ளைக்கு நீதான் ஞானத்தகப்பன்" என்று யூட் இலங்கையிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது, என் கையிலிருந்த தொலைபேசி நழுவிச் சாம்பாரில் விழுந்தது. கூட்டிச் சொல்லவில்லை. சாட்சிக்கு என் மனைவி ஸ்டெல்லா இருக்கிறாள். அவள்தான் கரண்டியால் எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். அதற்குள் யூட் என் சம்மதத்தைத் தானே எடுத்துக்கொண்டு, ஞானஸ்நானத்துக்கு நாளும் சொல்லி வைத்துவிட்டான்.

என் கையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பதினோரு வயதில், தூத்துக்குடியில் எங்கள் பங்குக் கோயில் திருவிழாப் பூசையில் தூபக்கலசம் பிடித்தேன். பிடித்தேன் என்பது பெரிய வார்த்தை. அது விழுந்து, தணல் சிதறி, புது விரிப்பில் பொத்தல் விழுந்தது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை என் காதைத் திருகி, "உன் கை ஆண்டவர் வேலைக்கு ஆகாதுடா" என்றார். அன்றைக்குக் கடைசி பெஞ்சுக்குப் போனவன்தான். நாற்பது வருடமாக அங்கேயே இருக்கிறேன். காணிக்கைத் தட்டு வந்தால்கூட நான் தொடமாட்டேன், பக்கத்து ஆள் எட்டி வாங்கிக்கொள்வார். என் இரண்டு பிள்ளைகளையும் நடக்கிற வயது வரும்வரை கட்டிலின் நடுவில் உட்கார்ந்தபடிதான் தூக்கியிருக்கிறேன். ஆனாலும் கிளம்பினேன். வளைகுடாவில் ஒரு தொழிலாளர் முகாம் சமையலறையில் யூட்டும் நானும் ஆறு வருடம் ஒன்றாக வெந்தவர்கள். அவனுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை இது. வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

முதல் நாள், கொழும்பிலிருந்து போகும் பேருந்தில், மடியில் மக்ரூன் பெட்டி. தூத்துக்குடிக்காரன் வெளிநாடு போனால் மக்ரூன் இல்லாமல் போகக் கூடாது என்பது எழுதாத சட்டம். சிலாபம் தாண்டியதும் ஓட்டுநர் ஒரு மாட்டுக்கு மரியாதை செய்து பிரேக் போட்டார். பெட்டி பறந்து, மூடி ஒரு பக்கம், மக்ரூன் எல்லாப் பக்கமும். நான் தலையில் கை வைத்தேன். பேருந்து கை வைக்கவில்லை, வாய் வைத்தது. மடியில் விழுந்ததை அவரவர் பிரசாதம்போல் தின்றார்கள். நடத்துநர் தொப்பியில் விழுந்த இரண்டையும் முடித்துவிட்டு என்னிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்திலிருந்த அம்மா மொழிபெயர்த்தார்: "இன்னும் இருக்கா எண்டு கேக்கிறார்."

பாலாவிச் சந்தியில் இறங்கியதும் எனக்கு ஆத்திரமே வந்தது. வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல், லாரிகள், உதட்டில் உப்புக் காற்று. கடல் தாண்டி, குடியேற்ற அதிகாரியின் முறைப்பையும் தாண்டி வந்தது எங்கள் ஊர் உப்பளத்தைப் பார்க்கவா? ஒரு கடையில் இஞ்சி போட்ட பிளேன் டீ வாங்கினேன். கிளாஸ் சுட்டது. விட்டேன். குனிந்து சில்லுகளைப் பொறுக்கும்போது தலைக்கு மேல் ஒரு குரல் கேட்டது.

"சேர் தானே யூட்ட கூட்டாளி?"

ரிஸ்வி என்ற ஓட்டோக்காரர். தொப்பியும் நரை விழுந்த தாடியுமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"லேசு சேர். பாலாவிச் சந்தியில எதையாச்சும் கீழ விழுத்திட்டுப் பொறுக்கிட்டு நிக்கிற ஆள்தான் எண்டு யூட் சொன்னான்."

நுரைச்சோலை பக்கம் வந்ததும் நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. எங்கள் ஊரிலும் அதே நிலக்கரி, அதே புகைபோக்கி. நான் பேசாமல் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஓட்டோ ஒரு தோட்டத்தின் முன் நின்றது. ரிஸ்வி ஒவ்வொரு பூசணிக்காயாகத் தூக்கிப் பார்த்து, ஒன்றைத் தராசில் வைத்து, வேண்டாமென்று இன்னொன்றை எடுத்தார்.

"கொன்சி அக்கா கேட்டவ. சரியா ஆறு கிலோ. கூடவும் வேணாம், குறையவும் வேணாமாம்."

ஞானஸ்நான விருந்துக்குக் கறி வைக்க என்று நினைத்தேன். எவ்வளவு வெள்ளை மனது எனக்கு!

தன் ஊரான கண்டக்குழியில் யூட் என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கிச் சுற்றினான். அவன் மனைவி மெற்றில்டா, "வாங்கோ அண்ணா, பயணம் சுகமோ?" என்று வாய் நிறையக் கேட்டாள். கையில் மூன்று மாதப் பிள்ளை. நான் ஓரடி கிட்டப் போனேன், அவள் ஓரடி பின்னால் போனாள். இன்னோர் அடி போனேன், அவள் கதவு நிலையில் முட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளை என் மீசையை மட்டும் பார்த்தது. எனக்கு விளங்கிவிட்டது. யூட் என் கதை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான், சிரிப்புக் காட்ட என்று.

சாப்பாட்டில் குறையே இல்லை. இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், கணவாய்ப் பிரட்டல். எங்கள் ஊரில் கணவாயை ரப்பராக்கிவிட்டுத்தான் அடுப்பை அணைப்பார்கள். இங்கே பல்லுக்கு வேலையே இல்லை. மூன்றாம் தடவை இடியப்பம் வைக்கும்போது மெற்றில்டாவின் அக்கா வந்தாள். கொன்செப்டா என்று பேர், ஊருக்குக் கொன்சி அக்கா. கருவாட்டு வியாபாரி, கோயில் பாடகர் குழுத் தலைவி, பிள்ளைக்கு ஞானத்தாய். என் தொடை அளவு இருக்கும் அவள் புயம்.

"தம்பி, விசயத்தைக் கேளுங்கோ. ஆம்பிளைப் பிள்ளையை ஞானத்தகப்பன்தான் ஏந்தோணும். கோயில்ல ஏந்தினால் காணாது. பிறகு தகப்பன்ர வள்ளத்தில ஏறி, அணியத்தில தனிய நிண்டு, பிள்ளையின்ர குதிக்காலைக் கடல்ல நனைக்கோணும். கடல் காலைத் தொட்டாத்தான் அது எங்கட பிள்ளை."

போர்க்காலத்தில் மன்னார்ப் பக்கமிருந்து இவர்கள் குடும்பம் இடம்பெயர்ந்து வந்தபோது, கட்டின துணியோடு இந்த வழக்கத்தையும் கொண்டுவந்தார்களாம். அணியம் என்றால் வள்ளத்தின் முன்முனை. கையிலிருந்த இடியப்பத்தைத் தட்டில் வைத்தேன்.

"வள்ளம் மணலில் நிற்கும்போதுதானே, அக்கா?"

"மணல்ல நிண்டு எப்படித் தம்பி காலை நனைக்கிறது?"

இரண்டாம் நாள் காலை, பாண் என்று இவர்கள் சொல்லும் ரொட்டியும் பருப்பும் இறங்குவதற்குள் கொன்சி அக்கா அந்தப் பூசணிக்காயைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். பிள்ளையின் நிறை ஆறு கிலோ. பின்னேரம் வரை இதைக் கீழே வைக்கக் கூடாது. காம்புப் பக்கம் தலை, அதற்கு எப்போதும் கை கொடுக்க வேண்டும்.

நான் என்ன சொல்ல? ஐம்பத்தொரு வயதுக்காரன், தூத்துக்குடியில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறவன், பூசணிக்காயைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு கண்டக்குழிக் கடற்கரையில் நடந்தேன். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஆண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். காற்றுப் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் சறுக்க வந்த வெள்ளைக்காரி ஒருத்தி என்னைப் படம் எடுத்தாள். "பால் குடிச்சிட்டுதோ?" என்று ஒரு பெண் கேட்டாள். "இரவில நித்திரை கொள்ளுதோ?" என்று இன்னொருத்தி. நானும் விட்டுக்கொடுக்காமல், "ஒரே அழுகை" என்றேன். உண்மையைச் சொன்னால் மெல்ல மெல்ல நம்பிக்கை வந்தது. இரண்டு மணி நேரம் தாண்டியது. மூன்று மணி நேரம். அட, இவ்வளவுதானா!

கோயில் வாசலில் ஒரு வயதான மீனவர் வழிமறித்துத் துவாயை விலக்கிப் பார்த்தார். அதன் நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு மிகுந்த அக்கறையோடு, "தாயின்ர சாயலோ, தகப்பன்ர சாயலோ?" என்றார்.

சிரித்துவிட்டேன். சிரித்ததும் விழுந்தது. கோயில் படியில் பட்டு நாலாகப் பிளந்து விதை எல்லாம் வெளியே. பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

கொன்சி அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் துண்டுகளைப் பொறுக்கி மண்ணைக் கழுவினாள். மத்தியானம் பூசணிக்காய்க் கறி. எல்லாரும் குனிந்த தலையோடு சாப்பிட்டோம். மெற்றில்டா கறிச் சட்டியை ஒருமுறை பார்த்தாள், தட்டைத் தள்ளி வைத்தாள், பிள்ளையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து அவள் குரல் கேட்டது. மெதுவாகத்தான் கதைத்தாள். இடையிலிருந்த ஓலைத் தட்டிக்கு அது தெரியவில்லை.

"எட்டு வருசம் காத்திருந்து கிடைச்ச பிள்ளை. பூசணிக்காய் எண்டா கறி வைக்கலாம். என்ர பிள்ளைக்கு ஒண்டு நடந்தா நான் என்ன செய்யிறது? வேற ஆளே கிடைக்கேல்லையா உங்களுக்கு?"

"கொதிக்கிற சோத்துப் பானை என்னில விழாமல், என்னைத் தள்ளிவிட்டிட்டுத் தன்ர காலில வாங்கினவன் அவன்" என்றான் யூட்.

எனக்கு அங்கேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. ஏனென்றால் நான் யூட்டைத் தள்ளவில்லை. எண்ணெய்த் தரையில் வழுக்கினேன், பானையை விட்டேன், விழும்போது என் முழங்கை அவன் விலாவில் இடித்தது. அவன் அந்தப் பக்கம் போய் விழுந்தான், சோறு என் காலில் கொட்டியது. ஆஸ்பத்திரியில் அவன் அழுதுகொண்டே நன்றி சொன்னபோது வலி மாத்திரை மயக்கத்தில் தலையாட்டிவிட்டேன். ஆட்டிய தலையைத் திரும்பப் பெற வழியில்லாமல் போய்விட்டது. அந்தப் பொய்யின் மேல்தான் இப்போது ஒரு பிள்ளையைத் தூக்கி வைக்கப் போகிறார்கள்.

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "காய்ச்சல்னு போத்திக்கிட்டுப் படுத்துருங்க. குழந்தையத் தொடவே தொடாதீங்க, ஆமா!" என்றாள். முப்பது வருடத்தில் அவள் சொன்ன எதையும் நான் இவ்வளவு விரும்பிக் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. ஞானப்பெற்றோர் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பதால் கோயிலுக்குப் போனேன். பங்குக் குருவான சுவாமியிடமே காய்ச்சலைச் சொல்லி விலகிக்கொள்வது என் திட்டம். சின்னக் கோயில். சுவரில் உள்ளூர் ஆள் ஒருவர் வரைந்த படம்: கடலில் மூழ்கும் பேதுரு, கையைப் பிடிக்கும் ஆண்டவர். பின்னால் நிற்கும் வள்ளத்தில் அழகான நாற்பது குதிரைச் சக்தி எஞ்சின் பூட்டியிருந்தது.

சுவாமி சிலாபத்துக்காரர், முப்பது வயதுகூட இருக்காது. மூன்று வரி சிங்களத்துக்கு ஒரு வரி தமிழ் என்று போனில் யாருடனோ வள்ளத்து டீசலைப் பற்றிக் கதைத்து முடித்துவிட்டுக் கழுத்தில் பட்டியைப் போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க. என்ன பாவம்?"

காய்ச்சல் என்று சொல்ல வாயைத் திறந்தேன். முழங்காலில் இருக்கும்போது பொய் வரவில்லை, என்ன செய்ய? "கை நடுங்குது சுவாமி" என்றேன்.

"அது டொக்டரிட்ட சொல்லணும்."

பிறகு எல்லாம் கொட்டியது. சோற்றுப் பானை, பூசணிக்காய், தூபக்கலசம், கோயில்பிள்ளை. சோற்றுப் பானைக்குச் சுவாமி இருமினார். பூசணிக்காய்க்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. கோயில்பிள்ளை கதைக்கு மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தக் கோயில்பிள்ளை இப்ப எங்க?"

"செத்து இருபது வருசமாச்சு."

"சரி. உங்க கை ஆகாதுன்னு ஆண்டவர் உங்களுக்கு எப்பவாவது சொன்னாரா?"

"இல்லை சுவாமி."

"அப்ப நாப்பது வருசமா நீங்க ஆண்டவர் பேச்சைக் கேக்கல்ல, கோயில்பிள்ளை பேச்சைத்தான் கேட்டிருக்கிறீங்க. அதுதான் பாவம். பானை விசயத்த யூட்டிட்ட சொல்லுங்க. நாளைக்குப் பிள்ளைய ஏந்துங்க. அதுதான் பரிகாரம்."

"வேற பரிகாரம் தர முடியுமா? அம்பத்து மூணு மணி செபமாலையும் முட்டிபோட்டே சொல்லிடுறேன்."

"இல்ல" என்று சுவாமி ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார்.

வெளியே வரும்போது அந்தப் படத்தின் முன் நின்றேன். முன்பெல்லாம் பேதுரு ஆண்டவர் கையைப் பிடித்தார் என்றுதான் நினைத்திருந்தேன். படத்தில் அப்படி இல்லை. பேதுருவின் விரல்கள் விரிந்து கிடந்தன, அவர் எதையும் பிடிக்கவில்லை. ஆண்டவர்தான் அவருடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். வரைந்தவருக்கு விரல் வரைய வரவில்லையோ என்னவோ, எனக்குத் தெரியாது. நான் அங்கேயே நின்று அழுதேன். "ஆண்டவரே, என் கையை எனக்கு நம்பிக்கையில்லை, உம்முடைய கையை நம்புகிறேன். ஆனால் நாளைக்கு அங்கே என்னுடையதுதான் இருக்கும், கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்" என்றேன். என் செபமெல்லாம் இந்த லட்சணம்தான்.

பின்னேரம் யூட் வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பானை விசயத்தைச் சொன்னேன்.

"தெரியும்" என்றான், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்னடா தெரியும்?"

"நீ வழுக்கினதை நான் பார்த்துக்கொண்டுதானே நிண்டனான். என்ர விலா எலும்பைக் கேட்டுப்பார், அது சொல்லும்."

"பிறகு ஏன்டா அவளிடம் அப்படிச் சொன்னாய்?"

"உண்மையைச் சொன்னா அவள் உன்னை வீட்டுப் படலைக்குள்ள விடுவாளா?"

"அப்ப எதுக்குடா என்னைக் கூப்பிட்டாய், மடையா!" எனக்கு அடிக்கவே கை எழுந்தது.

யூட் ஊசியைக் கீழே வைத்தான். "எட்டு வருசம் மச்சான். சொந்தக்காரரெல்லாம் எங்களுக்கு வைத்தியம் சொன்னவை, சாத்திரம் சொன்னவை, பிறகு கதைக்கிறதையே விட்டவை. நீ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் 'இண்டைக்கும் செபம் சொல்லிப்போட்டன்' எண்டு எழுதி அனுப்பினனீ. ஒரு வெள்ளி விடேல்லை. இந்தப் பிள்ளையை நீ முதல்லயே ஏந்திப்போட்டாய். நாளைக்கு மிச்சத்தைச் செய்."

ஸ்டெல்லா மீன் வாங்கப் போகிற நேரத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சொன்ன செபங்கள் அவை. அதை யாராவது கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

நாலாம் நாள் ஞாயிறு. கோயிலில் பிள்ளையை ஏந்தினேன். ஆனால் கொன்சி அக்கா தன் இரண்டு கையையும் என் கைக்குக் கீழே பலாப்பழம் பிடிக்கிறவள்போல் விரித்து வைத்திருந்தாள். மெற்றில்டா பிள்ளையின் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். "விசுவசிக்கிறீர்களா?" என்று சுவாமி கேட்டபோது, "விசுவசிக்கிறேன்" என்று நான் போட்ட சத்தத்தில் பிள்ளை திடுக்கிட்டது. தண்ணீர் ஊற்றினார்கள், பிள்ளை அழுதது, எல்லாம் நல்லபடி முடிந்தது. ஆறு கிலோவில் நாலரை கிலோவை அக்காதான் சுமந்தாள் என்பது எனக்கும் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும்.

கடற்கரைக்கு ஊரே வந்தது. ரிஸ்வி வீட்டில் செய்த வட்டிலப்ப இனிப்போடு வந்து மணலில் நின்றார். வள்ளத்தை முழங்கால் தண்ணீருக்குத் தள்ளி, ஆட்கள் இரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். யூட் முன்கயிற்றைப் பிடித்தான். என்னை ஏற்றி அணியத்தில் விட்டார்கள். தண்ணீரில் நின்ற மெற்றில்டா பிள்ளையை எடுத்துத் தருவதற்குள் மூன்று முறை முத்தமிட்டாள். தந்தாள், விடவில்லை. "அண்ணா..." என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு விட்டாள்.

என் கையில் பிள்ளை. கீழே யாருடைய கையும் இல்லை. கொன்சி அக்கா மனம் கேளாமல் பட்டுச் சேலையோடு தண்ணீரில் இறங்கி, மெற்றில்டாவின் பக்கத்தில் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றாள். பழக்கதோசத்தில் என் விரல்களைப் பார்த்தேன், நடுங்கின. பிள்ளையைப் பார்த்தேன். அது மறுபடி என் மீசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சரி, நாமும் உன்னையே பார்ப்போம் என்று, ஒரு காலை மடித்து முழங்காலிட்டு, பிள்ளையை வள்ளத்து விளிம்புக்கு வெளியே மெல்ல இறக்கினேன். இரண்டு குதிக்காலும் கடலைத் தொட்டன. கரையில் கை தட்டினார்கள்.

அப்போது அலை வந்தது. பெரிய அலை என்று சொல்ல முடியாது. ஆனால் வள்ளத்தைப் பிடித்திருந்தவர்களும் அதை விட்டுவிட்டுக் கை தட்டிய நேரம் பார்த்து வந்தது. வள்ளம் பக்கவாட்டில் சுழன்றது. கயிறு இழுத்ததில் யூட் குப்புற விழுந்தான். விளிம்பு கொன்சி அக்காவின் இடுப்பில் மோதியது, அவள் தங்கச்சியைப் பிடித்தாள், இரண்டு பேரும் சேர்ந்து கடலுக்குள் உட்கார்ந்தார்கள். சுவாமி உதவிக்கு ஓடிவந்து அவர்கள் மேலேயே விழுந்தார். நான் "ஆண்டவரே!" என்றேன். அதற்குமேல் செபம் சொல்ல நேரமில்லை. மல்லாந்து வலைக் குவியலில் விழுந்தேன்.

கண்ணைத் திறந்தபோது வானம் தெரிந்தது. நெஞ்சில் ஏதோ பாரமாக அசைந்தது. என் இரண்டு கையும் அதைச் சுற்றி இருந்தன, விரல்கள் ஒன்றோடொன்று கோத்துக்கிடந்தன. எப்போது கோத்தேன் என்று எனக்குத் தெரியாது. பிள்ளை கொட்டாவி விட்டது. குதிக்கால் தவிர ஒரு சொட்டு ஈரம் இல்லை.

தண்ணீருக்குள்ளிருந்து மெற்றில்டா எழுந்தாள். கூந்தல் அவிழ்ந்து, முகமெல்லாம் மணல். அக்காவைப் பார்க்கவில்லை, புருசனைப் பார்க்கவில்லை, தத்தளித்து வள்ளத்திடம் வந்து எட்டிப் பார்த்தாள். பிள்ளையைக் கண்டாள். விம்மிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். நானும் எழுந்து உட்கார்ந்து பிள்ளையை நீட்டினேன்.

பாதி வழியில் அவள் நிறுத்தினாள். தண்ணீர் சொட்டும் தன் கைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்ர கை முழுக்க ஈரம், வழுக்கும்" என்றாள். "நீங்களே வச்சிருங்கோ, அண்ணா."